சங்கு ஊதியும் எழாதவள்

எண்பதுகளில் நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது வீட்டுக் கடிகாரத்தை நம்பி யாரும் வேலை செய்ததில்லை. பாக்டரி சங்குதான் எங்களுக்குக் கணக்கு. காலைச் சங்குக்கு முன்னால் டிபன் கேரியரை மூடியாக வேண்டும். மதியச் சங்கின்போது சோறு வடித்திருக்க வேண்டும். சாயங்காலச் சங்கு கேட்டதும் பாலை அடுப்பில் ஏற்றுவோம். அது பொங்கி வரும்போது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். நேரம் தப்பி ஊதினால்தான் எங்களுக்குப் பயம். உள்ளே யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எந்தச் சங்கு ஊதினாலும் பயம்.

அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவனுக்கு வெல்டிங் ஷாப்பில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஆட்டுரலுமாக வந்து இறங்கினாள். மறுநாள் காலைச் சங்கு ஊதியபோது கையிலிருந்த குழம்புச் சட்டியைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினாள். பாக்டரி கேட் வரைக்கும் ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை வாட்ச்மேன்தான் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

காரணத்தைப் பிறகு என்னிடம் சொன்னாள். அவளுடைய அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர். பாறைக்கு வெடி வைப்பதற்கு முன் அங்கே சங்கு ஊதி ஆட்களை விலகச் சொல்வார்கள். ஒரு நாள் சங்கு ஊதியது, வெடி வெடித்தது, மற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். அப்பா வரவில்லை.

"சங்கு ஊதுச்சுன்னா யாரோ ஒருத்தர் வரமாட்டாவன்னுதான் எனக்குத் தோணும்க்கா," என்றாள்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவளே பால் பூத் வரிசையில் பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டாள். பரிதாபப்படுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் பால் வாங்கித் திரும்பும் சமயம் பார்த்து, யாராவது பின்னால் நின்று கையை வாயில் குவித்து "ஊ..." என்று ஊதுவார்கள். அவள் துள்ளுவாள், பால் சிந்தும், எல்லாரும் சிரிப்பார்கள். இதில் கைதேர்ந்தவள் கிரேன் ஓட்டுபவரின் மனைவி. ஆவடி பழைய ஊரில் பிறந்து வளர்ந்தவள். குவார்ட்டர்ஸ் நிற்கிற இடமெல்லாம் தன் தாத்தா நெல் விளைவித்த வயல் என்று சொல்லிக்கொள்வாள். அதனால் யாரை வேண்டுமானாலும் பேசலாம் என்று நினைப்பு.

"இன்னாமே, உன் புருசன் மட்டும்தான் உள்ள கீறானா?" என்று கேட்பாள். "எங்க ஊட்டுக்காரரு அந்தரத்துல கிரேன்ல குந்திகினு கீறாரு. நான் இன்னா கேட்டாண்ட போயி ஒப்பாரி வெச்சிகினா கீறேன்?"

கேட்டுக்கு அவள் ஓடுவது நிற்கவில்லை. சங்கு ஊதி முடிவதற்குள் கம்பியருகே நின்றிருப்பாள். சாயங்காலம் வெளியே வரும் ஆண்கள் அவள் கணவனைச் சீண்டுவார்கள்.

"டேய், உன் பொண்டாட்டி அட்டெண்டன்ஸ் எடுக்க வந்துகிறாடா. உள்ளேன் அம்மான்னு சொல்லுடா."

ஒரு நாள் அவன் கேட்டிலேயே அவளைத் திருப்பி நிறுத்தி, வீட்டுக்கு நடக்கச் சொன்னான். தான் சைக்கிளில் ஏறி, அவளுடைய நடைக்குத் தக்க மெதுவாகப் பின்னால் ஓட்டிக்கொண்டு, வழிநெடுக மணி அடித்துக்கொண்டே வந்தான். மாட்டை ஓட்டி வருவது போல இருந்தது. தெருவில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கிரேன்காரர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் அவன் எங்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னான்:

"இன்னொரு தடவ கேட்டுப் பக்கம் உன்னப் பாத்தேன், உங்க மாமனுக்குத் தந்தி அடிச்சு ஊருக்கு அனுப்பிருவேன். திரும்பக் கூப்பிடுவேன்னு நெனைக்காத."

அவன் சொன்னால் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் அவளுக்கு அம்மாவும் இல்லை. அப்பா போன பிறகு அவளை வளர்த்தது தாய்மாமன்.

"மாமா வீட்டுல எனக்கு இனி இடமில்லக்கா," என்றாள். "தாலி கட்டுன அன்னைக்கே அத்த என் பாயச் சுருட்டி அவ மகளுக்குக் குடுத்துட்டா."

அப்போதுதான் நான் அவளைப் போர்மேன் வீட்டம்மாவின் வகுப்புக்கு அழைத்துப் போனேன்.

அந்த அம்மா கோயம்புத்தூர்ப் பக்கம். பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு தூக்கம் வராமல் அவதிப்பட்டு, ஊரில் நடந்த ஒரு முகாமில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். தமக்குக் கிடைத்த நிம்மதி மற்ற பெண்களுக்கும் கிடைக்கட்டும் என்று, மதியச் சாப்பாடு முடிந்த பிறகு மனமகிழ் மன்றத்தில் இலவசமாக வகுப்பு நடத்தினார். மாலையில் ஆண்கள் கேரம் ஆடும் ஹால் அது. போர்டுகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஜமுக்காளம் விரிப்போம். குவார்ட்டர்ஸில் அந்நாளில் படபடப்பு, தூக்கமின்மை, காரணம் தெரியாத அழுகை எல்லாம் தாராளமாக இருந்தன. டிஸ்பென்சரியில் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பார்கள். அதனால் வகுப்புக்குக் கூட்டம் சேர்ந்தது.

யார் எங்கே உட்கார வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதில்லை. ஆனாலும் முதல் நாளே கணவன்மார்களின் கிரேடு வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். சார்ஜ்மேன் மனைவிகள் மின்விசிறிக்குக் கீழே. ஆபரேட்டர் மனைவிகள் அவர்களுக்குப் பின்னால். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் மனைவிகள் கதவோரம், வெயிலில். எதிர்வீட்டுப் பெண்ணின் இடம் அந்தக் கதவோரம்தான்.

பயிற்சி எளிமையானது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்க்க வேண்டும். நினைப்பு வந்தால் 'நினைப்பு' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். சத்தம் கேட்டால் 'சத்தம்'.

"சத்தம் எங்கிருந்து வருது, யாருக்கு வருதுன்னு அது பின்னாலயே போகாதீங்க," என்பார். "வந்த விருந்தாளிய வாங்கன்னு சொல்லலாம். அவங்க கூடவே கெளம்பி ஊருக்குப் போயிரக் கூடாதுங்க."

சாப்பாட்டு இடைவேளை முடிந்ததற்கான சங்கு வகுப்பின் நடுவே ஊதும். முதல் நாள் எதிர்வீட்டுப் பெண் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டாள். போர்மேன் வீட்டம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். அடுத்த வாரம் எழுந்தாள், ஆனால் ஓடவில்லை. அதற்கடுத்து, உட்கார்ந்தபடியே நடுங்கினாள். பிறகு நடுக்கம் விரல்களில் மட்டும் இருந்தது. ஒரு நாள் சங்கு ஊதி ஓய்ந்தது. அவள் விரல்கூட அசையவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அன்றன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதி வைப்பது என் பழக்கம்; அந்த நாளைப் பற்றி, அவள் முகம் தெளிவாக இருந்தது என்று மட்டும் எழுதினேன்.

கிரேன்காரர் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. மறுநாள் வகுப்பிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து போய், ஜன்னலுக்கு வெளியே நின்று அலறினாள்.

"ஐயோ, உன் ஊட்டுக்காரன தூக்கிகினு வராங்கமே! மூஞ்செல்லாம் வெந்து போச்சாம்!"

எதிர்வீட்டுப் பெண் செருப்பில்லாமல் வெளியே ஓடினாள். தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மின்விசிறிக்குக் கீழே இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போர்மேன் வீட்டம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து முதுகைத் தடவினார்.

"அவங்களத் திட்டாதீங்க கண்ணு. அவங்க உங்களுக்கு ஒத்தாசைதான் பண்றாங்க. சங்குச் சத்தத்த ஜெயிச்சுட்டீங்க. இதையும் ஜெயிக்கோணும். நெசமோ பொய்யோ, உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. சத்தம்னு சொல்லிட்டு மூச்சுக்கு வந்துருங்க."

அன்றிலிருந்து அது பயிற்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. வகுப்பு முடியும் தறுவாயில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொண்டு கத்துவார்கள். உன் புருசன் கை போச்சு. உன் புருசனுக்குக் கண் தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் வெடித்துவிட்டது. உன் புருசன் வேறு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறான். வீட்டில் சமைக்கும்போதே நாளைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வருவார்கள். அவள் உதடு 'சத்தம்' என்று அசையும், அவ்வளவுதான். கன்னத்தில் கண்ணீர் வழிகிற நாளிலும் அவள் எழுந்திருக்கவில்லை.

கேட்டுக்கு ஓடுவது அடியோடு நின்றது. அவள் கணவனுக்குச் சந்தோஷம். பூந்தமல்லியிலிருந்து மல்லிகை வாங்கிக்கொண்டு வந்தான். "பைத்தியம் தெளிஞ்சிட்டு அண்ணாச்சி," என்று என் கணவரிடம் அவள் முன்னாலேயே சொன்னான். போர்மேன் வீட்டம்மாவுக்கும் பெருமை. பெரிய அதிகாரிகளின் மனைவிகள் வகுப்பைப் பார்க்க வந்தபோது அவளைக் கதவோரத்திலிருந்து எழுப்பி முன்னால் உட்கார வைத்தார். வந்தவர்களில் ஒருவர் அவள் காதருகே கை தட்டிப் பார்த்தார். இன்னொருவர் பின்னால் போய் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். அவள் இமைக்கவில்லை.

"அட, பொம்மை மாதிரி இருக்காளே!" என்று தட்டைப் போட்டவர் வியந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர்கள் கிளம்பிப் போனதும் அவள் திரும்பவும் கதவோரத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

சில மாதங்கள் இப்படியே போயின.

அன்று வகுப்பு பாதியில் இருந்தது. இடைவேளை முடிந்த சங்கு ஊதி அடங்கியிருந்தது. என்ன வந்தாலும் இருக்கிற இடத்தில் இருப்பதுதான் மனசுக்குப் பலம் என்று போர்மேன் வீட்டம்மா மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று சங்கு மறுபடியும் ஊதியது. நின்றது. ஊதியது. நின்றது. விட்டுவிட்டு ஊதிக்கொண்டே இருந்தது.

முதலில் எழுந்தது போர்மேன் வீட்டம்மாதான். அவருடைய கண்ணாடி ஜமுக்காளத்தில் விழுந்தது. அவரே அதை மிதித்துக்கொண்டு ஓடினார். பிறகு எல்லாரும் எழுந்தோம். ஒருத்தியின் முந்தானையை இன்னொருத்தி மிதித்து இருவரும் விழுந்து எழுந்தார்கள். வாசலைத் தாண்டிய கிரேன்காரர் மனைவி திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ, எந்திரிடி! நெசமாவே ஊதுது! வெல்டிங் ஷாப்புலதான் போலக்கீது, வாடி!"

எதிர்வீட்டுப் பெண்ணின் உதடு அசைந்தது. முகத்தில் லேசான சிரிப்பு. இன்றைக்கு எல்லாருமாகச் சேர்ந்து, சங்கையும் சேர்த்துக்கொண்டு, பெரிதாகத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அதையும் வெல்ல வேண்டிய ஒன்றாகவே எடுத்துக்கொண்டாள். என் கணவர் பெயிண்ட் ஷாப்பில் இருந்தார். நான் ஓடினேன்.

கேட்டில் குவார்ட்டர்ஸ் முழுக்க நின்றது. மாவுக் கையோடு வந்தவர்கள், ஈரத் தலையோடு வந்தவர்கள். போர்மேன் வீட்டம்மா வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்து, "எங்க வீட்டுக்காரர் எங்கீங்க? சொல்லுங்க, எங்கீங்க?" என்று உலுக்கிக்கொண்டிருந்தார். கேட் திறந்தது. ஆண்கள் வரிசை வரிசையாக வெளியே வந்து எதிர் மைதானத்தில் ஷாப்வாரியாக நின்றார்கள். யாருக்கும் காயமில்லை. சிலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தீ விபத்து நேர்ந்தால் எப்படி வெளியேறுவது என்று ஒத்திகை. உள்ளே காலையிலேயே சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கிரேன்காரர் மனைவி தன் கணவனின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "உடுமே, நான் இன்னும் சாவல," என்று அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அழுத மனைவிகளைப் பார்க்க ஆண்களுக்குப் பெருமையாக இருந்தது. யார் வீட்டுக்காரி அதிகம் அழுதாள் என்று கேலி நடந்தது. வெல்டிங் ஷாப் வரிசையில் எதிர்வீட்டுக்காரன் கூட்டத்தைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமே, டெய்லி டூட்டிக்கு வர்றவ இன்னிக்கு லீவா?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"செத்தா சொல்லி அனுப்புங்க, அடுப்புல கொயம்பு கீதுன்னு சொல்லிட்டாளா?" என்றான் இன்னொருவன்.

மூன்றாவது ஆள் இல்லாத சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் அடித்துக் காட்டினான். வரிசை முழுவதும் சிரித்தது.

நான் மன்றத்துக்குத் திரும்பினேன். கலைந்து கிடந்த ஜமுக்காளத்தில் அவள் மட்டும் இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"வகுப்பு முடிஞ்சிட்டாக்கா? எல்லாரும் எங்க?"

நடந்ததைச் சொன்னேன். நிஜமாகவே சங்கு ஊதியதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்றதும் மூச்சு விட்டாள்.

"நான் கேட்டுக்குப் போகவே இல்லக்கா," என்றாள். "அவுகளுக்குச் சந்தோசமா இருக்கும், என்ன?"

அன்று மாலை அவன் கத்தவில்லை. எங்கள் வீட்டுக்குக் கேட்ட அளவில், நிதானமாகத்தான் பேசினான்.

"எல்லாவன் பொண்டாட்டியும் வந்து நின்னா. எம்பொண்டாட்டிக்கு நான் இருந்தாலும் ஒண்ணு, செத்தாலும் ஒண்ணு."

"நீங்கதான வரக்கூடாதுன்னு சொன்னிய?"

"நான் உசுரோட இருக்கையில வராதன்னு சொன்னேன். சாவையில வராதன்னா சொன்னேன்?"

என் கணவர் எழுந்து போய், அது வெறும் ஒத்திகைதானே, எதற்கு இதைப் பெரிதாக்குகிறாய் என்று கேட்டார்.

"ஒத்திகைன்னு எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்றான் அவன். என் கணவர் திரும்பி வந்துவிட்டார். காலையில் அவன் தந்தி கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

நான் போர்மேன் வீட்டம்மாவிடம் போனேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கேட்பான். அவர் கணவர்தான் வெல்டிங் ஷாப்புக்கு மேலதிகாரி. நெசமோ பொய்யோ எழுந்திருக்காதே என்று தாம் கற்றுக்கொடுத்ததை, தினமும் பொய்யாகக் கத்த விட்டதை, அவனிடம் விளக்கினால் போதும் என்றேன். உடைந்த கண்ணாடிக்குப் பதில் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். முழுவதும் கேட்டார்.

"நான் போய் என்னன்னு சொல்றதுங்க?" என்றார். "நாந்தான் உக்காரச் சொல்லிக் குடுத்தேன்னா, நீங்க ஏன் ஓடுனீங்கன்னு கேப்பாரே. ஷாப்பு பூரா பேச்சாயிருமுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஆகாது."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"நான் மூச்சப் பாக்கச் சொன்னேன். புருசனப் பாக்க வேண்டாம்னு சொல்லலீங்களே. அந்தப் புள்ள கொஞ்சம் அதிகமாப் பண்ணிக்கிச்சு."

பால் பூத்திலும் அதே பேச்சுதான், இன்னும் பச்சையாக. "கல்லு மாறி குந்திகினு இருந்தாமே," என்றாள் கிரேன்காரர் மனைவி. "நான் எவ்ளோ கத்துனேன்! இவளோட அந்த ஆளு எப்புடி குடும்பம் பண்ணுவான்?" வரிசையில் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். அவள் கத்தியதை நம்பாமல் போக யார் பழக்கினார்கள் என்று நான் கேட்டேன். பால் வண்டி வந்தது, எல்லாரும் பாத்திரத்தோடு முன்னால் நகர்ந்தார்கள். அன்று மதியமே கிரேன்காரர் மனைவி எதிர்வீட்டுக்குப் போய், "ஆட்டுரலத் தூக்கிகினா ஊருக்குப் போவ? எங்கூட்ல வெச்சிட்டுப் போமே," என்று கேட்டு, இரண்டு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டும் போனாள்.

வகுப்பு நிற்கவில்லை. நாங்கள் கள்ளிக்குப்பத்தில் வீடு கட்டிக் குடிபோன தொண்ணூறுகளிலும் நடந்துகொண்டிருந்ததாகக் கேள்வி. நிறையப் பேருக்கு அதனால் தூக்கம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாமன் வந்தார். மருமகன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கணவன் ஷிப்டுக்குப் போய்விட்டான். ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் நான் கூடப் போனேன். பிளாட்பாரத்தில் டிரங்குப் பெட்டியின் மேல் மாமன் உட்கார்ந்துகொண்டார். அவள் கீழே, துணி மூட்டைக்குப் பக்கத்தில். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்திருந்தாள்.

"யக்கா, அன்னைக்கு நான் எந்திரிச்சு ஓடியிருந்தா?" என்று கேட்டாள்.

அவளிடம் இனிப் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. "ஓடியிருந்தா, கேட்டுக்கு ஏன் வந்தேன்னு கேட்டு அனுப்பியிருப்பாரு," என்றேன். "இன்னைக்கு இல்லேன்னா இன்னொரு நாளைக்கு."

அவள் துணி மூட்டையின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

"அப்ப உக்காந்ததே நல்லதுக்கா," என்றாள். "நீங்க எல்லாரும் போன பெறவு ஹால்ல ஒருத்தரும் இல்ல. என்ன யாரும் பாக்கல, யாரும் சிரிக்கல. மூச்சு அது பாட்டுக்குப் போச்சு, வந்துச்சு. எங்கப்பா செத்ததுல இருந்து அப்படி ஒரு நேரம் எனக்கு வாய்க்கவே இல்ல." சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

மாமன் திரும்பிப் பார்த்தார்.

"என்னட்டி சிரிக்க? வாழாவெட்டியா வாரவளுக்குச் சிரிப்பு வேற கேக்குதோ? வண்டி வருது, மூட்டையத் தூக்கு."

அவள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.